சாவி வெண்டெல்லிடம் இருந்தது

பிக்கெட் ஸ்பிரிங்ஸ், மிசூரி
ஜூன் 11

அன்புள்ள மாக்சின் அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என்னுடையவை இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தொப்பை மட்டும்தான் முன்னேறிக்கொண்டிருக்கிறது.

அக்கா, சிரிக்கக் கூடாது. என் துப்பாக்கியை ஒரு மீன் கடையின் கழிப்பறையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து, ஒலீட்டா அம்மாளின் கடைக்குப் போனேன். கெளுத்தி மீன் வறுவலோடு அந்தச் சோளமாவு உருண்டைகளை அளவு தெரியாமல் தின்றேன். வயிறு தன் வேலையைக் காட்டியது. நம் தொழிலில் இருந்தவர்களுக்குக் கழிப்பறைக்கென்று ஒரு விதி உண்டு, உனக்குத் தெரியாததில்லை: உட்காரும்போது துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, கணுக்காலில் கிடக்கும் கால்சட்டைக்குள் போட வேண்டும். அதை மறந்துவிட்டு எவனும் கால்சட்டையை மேலே இழுக்க முடியாது. நான் காகிதச் சுருள் பெட்டியின் தலைமேல் வைத்தேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு, சீட்டியடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முன்னாள் படைவீரர் மன்றத்தில் போன மாதம்தான் 'ஓய்வுபெற்ற போலீஸாருக்கான பாதுகாப்பு' என்று நான் வகுப்பு எடுத்தேன். அந்தக் கால்சட்டை விதியைச் சொன்னபோது பலத்த கைதட்டல். நடித்தும் காட்டினேன், நாற்காலியில் உட்கார்ந்து.

வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றும்போது உறை காலி. வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தேன். சரி, அது அவ்வளவுதான். விடு.

தக்காளி இந்த வருஷம் அமோகம். நீ இருக்கும் கடற்கரையில் மழைதான் காய்க்குமாமே.

உன் தம்பி,
லைல்


வாஷிங்டன் கடற்கரை
ஜூன் 24

லைலுக்கு,

முழங்கால் மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. வானிலை அறிக்கையை நிறுத்திவிட்டேன்.

சிரிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாய். சிரித்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்ததாம், எனக்குக் கேட்கவில்லை. கேட்கிற காதை எல்லாம் கடற்படைத் தளத்துப் போலீஸின் சுடுதிடலில் விட்டுவிட்டுத்தானே ஓய்வு பெற்றேன். அதனால்தான் தொலைபேசியில் கூப்பிடாதே, எழுது என்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. தொலைபேசியில் நீ பேச்சை மாற்றுவது எனக்குத் தெரியாமல் போய்விடும். காகிதத்தில் மாற்றினால் அந்த இடம் தெரியும்.

'வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தேன்' என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில் 'விடு'. பறந்து போனாய், சரி. துப்பாக்கி இருந்ததா?

உன் முகாம் காலத்துக் கூட்டாளி வெண்டெல்லுக்கு என் அன்பைச் சொல். அவன் அனுப்பிய பழப்பாகு இன்னும் பாதி ஜாடி இருக்கிறது.

மாக்சின்


பிக்கெட் ஸ்பிரிங்ஸ்
ஜூலை 9

அன்புள்ள அக்கா,

இங்கே வெயில் நாயையும் நிழல் தேட வைக்கிறது. நான் நலம், இரத்த அழுத்தம் நலமில்லை. உன் முழங்காலுக்கு என் வணக்கம்.

தக்காளிச் செடிகளில் ஒரு பச்சைப் புழு, உன் சுண்டுவிரல் தடிமனுக்கு. கையால் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். மன்றத்தில் மறுபடியும் வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். தேவாலயத்தில் பாட்டுக் குழுவில் புதிதாக ஒரு அம்மாள் சேர்ந்திருக்கிறாள், விதவை, குரல் ஆட்டுக்குட்டி மாதிரி. எல்லா ஆண்களுக்கும் திடீரென்று பக்தி கூடிவிட்டது.

வெண்டெல்லிடம் உன் அன்பைச் சொல்ல வாய்க்கவில்லை. அவன் இப்போது பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு நிற்பதில்லை. ஏதோ விசாரணையாம், முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஓய்வுபெற்ற போலீஸ் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தருகிற அந்த அட்டை, முகாம் அலுவலகம் அவனுடையதையும் நிறுத்தி வைத்திருக்கிறதாம். காலம் கெட்டுக் கிடக்கிறது, வேறென்ன சொல்ல.

நீ மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுகிறாயா? எனக்கு மீன் என்றாலே இப்போது பிடிப்பதில்லை.

லைல்


வாஷிங்டன் கடற்கரை
ஜூலை 20

லைல்,

நலம். முன்னுரை போதும்.

வெண்டெல் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். அவன் குறை சொல்லி எழுதுகிறவன் இல்லை. வழக்கம்போல மூன்று பத்தி மழையைப் பற்றியும் பிரேக் கட்டையைப் பற்றியும். கடைசியில் இது:

'லைலோட துப்பாக்கி அவன் வண்டிப் பெட்டியிலிருந்து திருடு போயிடுச்சு மாக்சின். அன்னிக்குக் காலைல பிரேக் பார்க்க வண்டி என்கிட்டதான் இருந்துச்சு, சாவியும் என்கிட்டதான். அதனால போலீஸ் என்னைக் கூப்பிட்டுக் கேக்குது. முப்பது வருஷம் நான் மத்தவங்களைக் கேட்ட கேள்விதான் எல்லாம். இந்தப் பக்கம் உக்காந்தா நாற்காலி வேற மாதிரி இருக்கு.'

ஒரே துப்பாக்கி மீன் கடையிலும் வண்டிப் பெட்டியிலுமாக இரண்டு இடத்தில் காணாமல் போகாது. எந்த இடம்?

மாக்சின்


பிக்கெட் ஸ்பிரிங்ஸ்
ஜூலை 28

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பற்றிக் கேட்காமல் எழுதியிருக்கிறாய். கோபம் என்று புரிகிறது. இருந்தாலும் நான் கேட்கிறேன்: சாப்பிட்டாயா?

மீன் கடைதான்.

நான் திரும்பிப் போனபோது பெட்டியின் மேல் எதுவும் இல்லை. கழிப்பறைத் தரையில் மண்டியிட்டுத் தேடினேன். ஒரு ராணுவப் போலீஸ் சார்ஜன்ட் தன் வாழ்நாளில் எந்தெந்த நிலையில் இருக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டால், அது அதில் வராது. வெளியே வந்தேன். ஒலீட்டா அம்மாள் கல்லாவில் நின்றாள். "என்ன சார், எதாவது விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். "பசி விட்டுப்போச்சும்மா, இன்னும் ரெண்டு உருண்டை கட்டிக்குடுங்க" என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதுதான் நடந்தது. அவளிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் ஊருக்குள் வரும். 'வகுப்பெடுத்த லைல்' என்று வரும்.

ஆனால் போலீஸில் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தத் துப்பாக்கியால் நாளைக்கு யாராவது எதையாவது செய்தால்? சொல்லப் போனேன். எதிரே உட்கார்ந்திருந்த போலீஸ்காரன் க்ரிசம், இன்னும் ஓய்வு பெறாதவனாக இருந்தும் என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன். எழுந்து நின்று நாற்காலி போட்டான். "என்ன சார் ஆச்சு?" என்றான். கழிப்பறை என்ற சொல் தொண்டைவரை வந்தது. "வண்டிப் பெட்டியில இருந்து போயிடுச்சு" என்று வெளியே வந்தது.

அவன் கேட்டான்: "வேற யார்கிட்டயாவது சாவி இருந்துச்சா சார்?"

"காலைல பிரேக் பார்க்க விட்டிருந்தேன். சாவி வெண்டெல்கிட்ட இருந்துச்சு."

அது உண்மை அக்கா. நான் அங்கே சொன்னதில் அந்த ஒன்றுதான் முழு உண்மை. அதுதான் அவனைக் கடித்தது.

ஏன் என்று கேட்பாய். அட்டைக்காகத்தான். கவனமில்லாமல் தொலைத்தவன் என்று தெரிந்தால் முகாம் அலுவலகம் அட்டையைப் பறித்துவிடும். இந்த மாநிலத்தில் துப்பாக்கியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ள எவனுக்கும் எந்த அட்டையும் வேண்டாம், தெரியும். மளிகைக் கடையில் வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேரிடம் இருக்கிறது. ஆனால் அவர்கள் வெறுமனே வைத்திருக்கிறார்கள். நம்மை மட்டும்தான் அரசாங்கம் 'நீ இன்னும் போலீஸ்தான், எந்த மாநிலத்துக்கு வேண்டுமானாலும் மறைத்துக் கொண்டுபோ' என்கிறது. அந்த அட்டை பையில் இல்லாவிட்டால் நான் யார்? தக்காளி வளர்க்கிற தொப்பைக்காரன்.

யாரிடமும் சொல்லாதே.

லைல்


வாஷிங்டன் கடற்கரை
ஆகஸ்ட் 6

லைல்,

சாப்பிட்டேன்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். வாக்குமூலம் உன்னுடையது. இன்னொருத்தர் வாயால் வந்தால் அதற்குப் பெயர் வேறு.

போய்ச் சொல்லுடா.

மாக்சின்


பிக்கெட் ஸ்பிரிங்ஸ்
ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

நலமா? மழையா? முழங்கால் என்ன சொல்கிறது?

போனேன். க்ரிசமிடம் இல்லை, முதலில் வெண்டெல்லிடம். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லையென்று ஒரு கூடை தக்காளி எடுத்துக்கொண்டேன். பெரியதாகப் பார்த்துப் பொறுக்கினேன். எவ்வளவு பெரிய பாவமோ அவ்வளவு பெரிய தக்காளி.

அவன் ஒரு வண்டியின் அடியில் கிடந்தான். பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும்போது அதே பூட்ஸைக் கண்ணாடி மாதிரித் துடைத்திருப்பான். இப்போது கிரீஸ்.

"யாரது, லைலா? நடையிலயே தெரியுது, வாத்து வர்ற மாதிரி."

"தக்காளி கொண்டுவந்தேன்."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. காய்ச்சுது."

வெளியே நகர்ந்து வந்தான். கூடையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இவ்ளோ தக்காளிய வெச்சு நான் என்ன பண்றது, அந்தப் பள்ளிக்கூட நிர்வாகக் கமிட்டி மேல எறியவா?" என்று சிரித்தான். அக்டோபர் கடைசியில் கமிட்டி கூடுமாம். அதற்குள் விசாரணை முடிந்து அட்டை திரும்பி வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். "வாசல்ல நிக்கிறவன் மேலயே கேள்வி இருந்தா பெத்தவங்க பயப்படுவாங்க இல்ல? நானே பெத்தவனா இருந்தா அப்படித்தான் சொல்லுவேன்" என்றான். அவன் நியாயமாகப் பேசப் பேச நான் கூடையில் தக்காளிகளைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"வெண்டெல்" என்றேன்.

"சொல்லு."

"பிரேக் இன்னும் லேசா சத்தம் போடுது."

எழுந்து வந்து பார்த்துச் சரிசெய்து கொடுத்தான். கூலி வேண்டாம் என்றான், தக்காளிக்குச் சரியாகப் போயிற்றாம். அக்கா, நான் மனிதனே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த பிரேக் அப்படி அமைதியாக இருந்தது.

கோபிக்காமல் பதில் எழுது.

லைல்


பிக்கெட் ஸ்பிரிங்ஸ்
செப்டம்பர் 19

அன்புள்ள அக்கா,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதுமில்லையே? முழங்காலா? தபாலா? நானா?

தினமும் வாசலில் காத்து நிற்கும் என்னைப் பார்த்தாலே தபால்காரி 'இல்லை' என்று தலையை ஆட்டிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறாள். ஊரில் காதல் தோல்வி என்று பேசிக்கொள்வதாகக் கேள்வி. அந்த ஆட்டுக்குட்டிக் குரல் அம்மாள் எனக்கு ஆப்பிள் பை செய்து கொடுத்தாள், 'மனசைத் தேத்திக்குங்க' என்று. தின்றேன். குற்றவாளிக்குப் பசிக்காது என்று எவன் சொன்னான்?

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வெண்டெல் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. ஆராதனை முடிந்ததும் கைகொடுக்க வருகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஈரத்தரையைச் சுற்றிப் போவதுபோல. நான் நேராக அவனிடம் போய்க் கைகொடுத்தேன். எல்லாரும் பார்த்தார்கள். 'பாருங்க, பறிகொடுத்தவரே மன்னிச்சிட்டார், எவ்ளோ பெரிய மனசு' என்று போதகரின் மனைவி சொன்னது என் காதில் விழுந்தது. அவன் காதிலும்.

நீ திட்டியாவது எழுது. உன் மௌனம் எனக்கு முகாம் சிறையை ஞாபகப்படுத்துகிறது. அங்கே நான் பூட்டுகிறவனாக இருந்தேன்.

லைல்


வாஷிங்டன் கடற்கரை
அக்டோபர் 2

லைலுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபத்தாலும் எழுதாமல் இல்லை. எழுத வேண்டியதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதில் நாம் இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆகஸ்டில் வருஷாந்திரச் சுடுதேர்வுக்குப் போனேன். வருஷம் ஒருமுறை சுட்டுத் தேறினால்தானே அட்டைக்கு உயிர். முதல் தடவை தேறவில்லை. தூரத்து உருவம் எனக்குப் புகைபோலத் தெரிந்தது. திடல் அதிகாரி தங்கமான பிள்ளை. "மேடம், இன்னொரு தடவை சுடுங்க" என்றான். இரண்டாம் தடவையும் தேறவில்லை. அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்தேன். 'தேறினதா எழுதிடறேன்' என்கிறான்.

"கண்ணு தெரியாத கிழவி இடுப்புல துப்பாக்கியோட பேருந்துல உக்காந்திருந்தா நீ அதுல ஏறுவியா?" என்று கேட்டேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. அட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

நல்லவள்போல எழுதுகிறேன் என்று நினைக்காதே. காருக்குள் வந்து உட்கார்ந்து, அவன் சொன்னதற்குத் தலையாட்டியிருக்கலாமே என்று நினைத்து அழுதேன். அப்புறம் உன் ஞாபகம் வந்தது. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. அதனால்தான் எழுதவில்லை.

இடுப்பில் இப்போதும் கை போகிறது, அங்கே ஒன்றுமில்லை. பழகிவிடும் என்கிறார்கள். இன்னும் பழகவில்லை. ஆனால் தூங்குகிறேன்.

கமிட்டி கூடுவது அக்டோபர் கடைசி என்று எழுதியிருந்தாய்.

மாக்சின்


பிக்கெட் ஸ்பிரிங்ஸ்
அக்டோபர் 23

அன்புள்ள அக்கா,

உன் கண்ணுக்கு நல்ல வைத்தியராகப் பார். கண்ணாடி மாற்றினால் சரியாகலாம். ஆகாவிட்டாலும் நான் இருக்கிறேன், படித்துக் காட்ட. உனக்குக் காது கேட்காது என்பதுதான் இடைஞ்சல்.

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே போனேன். க்ரிசம் எழுந்து நாற்காலி போட்டான். உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் பிரேக் பற்றிப் பேசிவிடுவேன் என்று பயம். எல்லாம் சொன்னேன், சோளமாவு உருண்டை உட்பட. அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "சார், கால்சட்டை விதி..." என்றான். "ஆமாம் தம்பி" என்றேன். புதுத் தாள் ஒன்றை எடுத்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தான். பொய்ப் புகாருக்கு நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். நிற்கிறேன்.

இரண்டு பேருமாக மீன் கடைக்குப் போனோம். ஒலீட்டா அம்மாள் நேராகப் பின்னால் போய், உறைபனிப் பெட்டியின் அடியிலிருந்து, கெளுத்தி மீன் பொட்டலங்களுக்குக் கீழேயிருந்து, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒன்றை எடுத்து வந்து வைத்தாள். பனி படர்ந்த என் துப்பாக்கி. "கழிப்பறை கழுவப் போனேன், இருந்துச்சு. விட்டவன் வந்து கேப்பான், குடுக்கலாம்னு பத்திரமா வெச்சேன். இத்தனை மாசம் ஒருத்தனும் கேக்கலயே. நான் உங்களையே கேட்டேனே சார், எதாவது விட்டுட்டீங்களான்னு" என்றாள். கேட்டாள் அக்கா. நான் உருண்டை கேட்டேன்.

பிறகு வெண்டெல் வீடு. கூடை எடுத்துப் போகவில்லை. நின்றபடியே சொன்னேன். கை துடைத்துக்கொண்டே கேட்டான். முடித்ததும், "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்குக் காலைல வண்டிய எடுக்க வந்தப்ப, குனிஞ்சு டயரைப் பார்த்தே. சட்டை மேல ஏறிச்சு. துப்பாக்கி உன் இடுப்புல இருந்துச்சு."

"அதை க்ரிசம்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"முதல் நாளே சொன்னேன். அவன் எழுதிக்கக்கூட இல்ல. 'லைல் சார் பாதுகாப்பு வகுப்பே எடுக்கிறவர், அவர் சொல்றதா, நீங்க சொல்றதா'ன்னான்."

"என்கிட்டயாவது கேட்டிருக்கலாம்."

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். நீ தக்காளி கொண்டுவந்தே."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினான், மெதுவாகத்தான். அந்தக் கதவு திறந்தால் உனக்கு எழுதுகிறேன். அவனுக்கு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கமிட்டியும் கூட்டத்துக்குக் காத்திராமல் வாசலுக்குத் திரும்ப வரச்சொல்லிவிட்டது. முதல் நாள் பூட்ஸ் பளபளத்ததாம். நான் அந்தப் பக்கம் போகவில்லை, மற்றவர்கள் சொல்லிக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஆட்டுக்குட்டிக் குரல் அம்மாளும் சுற்றிக்கொண்டுதான் போனாள். நியாயம்தான்.

அவர்களாகக் கேட்குமுன் நானாகவே முகாம் அலுவலகத்துக்குப் போய் அட்டையை ஒப்படைத்தேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். நீ கொடுத்ததுபோலக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்தேன். இதற்காகத்தானே ஒரு நல்ல மனிதனின் முகத்தில் கரி பூசினேன்.

உன் முழங்காலுக்கும் கண்ணுக்கும் காதுக்கும் நலம் வேண்டி,

உன் தம்பி,
லைல்

பி.கு.: அலுவலகத்தில் இருந்த பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள், கணினியில் எதையோ தட்டினாள், மறுபடியும் பார்த்தாள். "சார், போன வருஷத் தேர்வுக்கப்புறம் நீங்க சுடவே வரலயே. இது ஏப்ரல்லயே செத்துப்போச்சு" என்றாள். மீன் கடைக்கு நான் போனது ஜூனில்.